கறுப்பு என்னும் காப்பு

திருமண அழைப்பிதழைத் தூய தமிழில் அச்சிடுவதில் நம் அன்பர்கள் இன்று யாருக்கும் இளைத்தவர் அல்லர். 'விவாகம்' போயிற்று, 'சுபமுகூர்த்தம்' போயிற்று, மணமக்கள் பெயரும் நல்ல தமிழ்ப் பெயராய் மிளிரக் காண்கின்றோம். மகிழ்ச்சி. ஆனால், அவ்வழைப்பிதழ் அச்சேறுவதற்கு ஆறு திங்கள் முன்னர், பெண் பார்க்கப் போன வீட்டுத் திண்ணையில் நம்மவர் வாயினின்று உதிர்ந்த சொற்கள் யாவை? "பெண் நிறமாக இருப்பாளா?" என்பதே முதற்கேள்வி. கருமை ஒரு நிறமே அன்று போலும்! பெண் கறுப்பு என்று தெரிந்த பின்னரோ, பெருந்தன்மையாய்ப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, "கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்" என்பர். இந்த 'இருந்தாலும்' என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை தலைமுறைத் தாழ்வுணர்ச்சி பதுங்கிக் கிடக்கின்றது, எண்ணிப் பாருங்கள்.

மாந்தளிர் போலும் மாமை நிறத்தைப் பெண்ணின் அழகாகப் பாடிய மொழி நம் மொழி. பிரிவுத் துயரால் அந் நிறம் கெட்டு உடல் வெளிறுவதைப் பசலை எனப் பெயரிட்டு, நோயின் அடையாளமாகக் கண்டவர் நம் கழகப் புலவர். வெளிறலை நோய் என்று கண்ட இனம், இன்று வெளிறலைக் காசு கொடுத்துக் கடையில் வாங்குகின்றது. மொழியில் புகுந்த அயற்சொல்லைக் களையத் தெரிந்த நமக்குத் தோலில் பூசப்படும் அயற்கருத்தைக் களையத் தெரியவில்லை.

இதனை மான உணர்ச்சியின்பாற் படுத்திப் பேசினோர் பலர். யான் இங்கே வேறொரு வழியில் செல்ல விழைகின்றேன். ஞாயிற்றின் ஒளியில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பகுதி உண்டு. அது மாந்தத் தோலை என்ன செய்கின்றது, தோல் அதனை எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதைச் சற்றே அறிந்துகொண்டால், வெளுப்புக் களிம்பு வாணிகத்தின் கொடுமை தானே விளங்கும். நம்முடைய வெற்றுப் பெருமையின் குறையும் உடன் விளங்கும்.

1800-ஆம் ஆண்டில் வில்லியம் எர்செல் என்னும் வானூலார், ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, செந்நிறத்திற்கு அப்பால் கண்காணா வெப்பக் கதிர் உண்டு என்று கண்டார். அங்ஙனமாயின் மறுமுனையில், ஊதாவிற்கு அப்பால், ஏதும் இல்லாதிருக்குமோ என்று ஐயுற்றான் செருமனியின் ஏனா நகரத்து இளைஞன் ஒருவன். இரிட்டர் என்பது அவன் பெயர். வெள்ளிக் குளோரைடு என்னும் உப்பு வெளிச்சம் பட்டால் கறுக்கும் இயல்புடையது. 1801-இல் அதனை ஒவ்வொரு நிறத்திலும் வைத்துப் பார்த்தான். செந்நிறத்தில் கறுத்தல் மெல்ல நிகழ்ந்தது, ஊதாவில் விரைந்தது, ஊதாவையும் கடந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இருட்டில் வைத்த உப்போ எல்லாவற்றினும் விரைந்து கறுத்தது! புற ஊதாக் கதிரை உலகுக்குக் காட்டிக் கொடுத்ததே கறுப்புத்தான். அவ் இளைஞன் தன் 33-ஆம் அகவையில், 1810-இல், வறுமையில் வாடி மறைந்தான். ஊதாவிற்குப் புறத்தே நிற்பதால் நாம் அதனைப் புற ஊதா என்றோம். நல்ல பெயர்.

அக்கதிரை அலைநீளத்தால் மூவகைப்படுத்துவர். 315 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ளது ஏ-வகை. 280 முதல் 315 வரை பி-வகை. அதனினும் குறுகியது சி-வகை. குறுகக் குறுகக் கொடுமை மிகும். சி-வகை முழுவதையும், பி-வகையில் பெரும்பகுதியையும் வானில் உள்ள ஓசோன் படலம் விழுங்கிவிடுகின்றது. (அப் படலத்தையே ஓட்டையாக்கிய குளிர்பதன வளிகளுக்கு 1987-இல் மாந்திரியால் உடன்படிக்கை கடிவாளம் இட்டது, உலக நாடுகள் ஒன்றுபட்டுச் செய்த நன்மைகளுள் அஃது ஒன்று.) நிலத்தை வந்தடையும் புற ஊதாவில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஏ-வகையே. எஞ்சிய சிறுபகுதியாகிய பி-வகைதான் தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பது.

சுடுதல் என்றால் அடுப்புச் சூடு போன்றதன்று. தோலின் ஒவ்வோர் உயிரணுவின் உள்ளும் டி.என்.ஏ. என்னும் மரபிழை உண்டு. அவ்வுயிரணு எப்படி வாழவேண்டும், எப்பொழுது பெருகவேண்டும், எப்பொழுது நிறுத்தவேண்டும் என்னும் கட்டளையெல்லாம் அதில்தான் எழுதப்பட்டுள்ளன. பி-வகைக் கதிர் தாக்கும்போது அவ்விழையில் அடுத்தடுத்துள்ள இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அச்சுக் கோக்கும் அன்பர்க்கு இது நன்கு விளங்கும். இரண்டு அச்செழுத்து ஒட்டிப்போனால் அச் சொல்லே பிழைபடும் அன்றோ? உடலில் இப் பிழைகளைத் தேடித் திருத்தும் பணியாளர்களும் உண்டு. வெட்டி நீக்கிப் புதிது கோப்பர். நாள்தோறும் நடக்கும் வேலை இது. பிறவியிலேயே இத் திருத்தும் திறம் குன்றிய குழந்தைகள் உலகில் மிகச் சிலர் உளர். சிறுபொழுது வெயில் பட்டாலும் அவர்கள் தோல் புண்ணாகும்; பத்து அகவைக்குள்ளேயே தோற்புற்று தோன்றிவிடும். அந் நோயின் மூலம் இத் திருத்தக் குறையே என்பதை 1968-இல் சேம்சு கிளீவர் வெளிப்படுத்தினார். நமக்கெல்லாம் அத் திறம் உண்டு என்றாலும், ஆண்டுக்கணக்கில் பிழை குவியுமானால் சில தப்பிவிடும். தப்பிய பிழை, 'நிறுத்து' என்னும் கட்டளையையே அழித்துவிடுமானால், அதுதான் புற்று. ஏ-வகையோ ஆழமாய் இறங்கித் தோலின் இழுவிசை நார்களைச் சிதைக்கின்றது. சுருக்கமும் தொய்வும் அதனால் வருவன.

இனி நம் தோல் கொண்டுள்ள காப்பைப் பாருங்கள். மேல்தோலின் அடித்தளத்தில் நிறமி உயிரணுக்கள் உள்ளன. வெள்ளையர்க்குக் குறைவு, கறுப்பர்க்கு மிகுதி என்று எண்ணாதீர்கள். எல்லா மாந்தர்க்கும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு அவை செய்து தரும் பொருளில் இருக்கின்றது. மெலனின் என்னும் கருநிறமியைச் சிறு பொதிகளாகக் கட்டி, தம் கிளைகளின் வழியே பக்கத்து உயிரணுக்களுக்கு அவை வழங்குகின்றன. பெற்றுக்கொண்ட உயிரணு அப் பொதிகளைத் தன் கருவின் மேற்புறத்தில், ஞாயிறு நோக்கிய பக்கத்தில், குடைபோல் கவித்து வைத்துக்கொள்கின்றது. குடைக்கு அடியில் மரபிழை நிழலில் இருக்கின்றது. கருந்தோலில் அப் பொதிகள் பெரியவை, மிகுதியானவை, எளிதில் சிதையாதவை. 1979-இல் அமெரிக்காவில் செய்து வெளியிட்ட ஆய்வொன்றில், வெள்ளையரின் மேல்தோலை ஊடுருவிச் சென்ற பி-வகைக் கதிர் 24 விழுக்காடு. அந் நாட்டுக் கறுப்பினத்தார் மேல்தோலை ஊடுருவியது 7 விழுக்காட்டினும் சற்றே மிகுதி. இக் குடைக்கு விலை இல்லை, கடையில் கிடைக்காது, தாய் கொடுத்தது.

அங்ஙனமாயின் வடபுலத்தார் ஏன் இக் குடையை இழந்தனர்? இங்கேதான் கதிரின் மறுபக்கம் வருகின்றது. அதே பி-வகைக் கதிர் தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளை மாற்றி உயிர்ச்சத்து டி-யை உண்டாக்குகின்றது. அஃதின்றேல் எலும்பு உறுதி பெறாது. புகை சூழ்ந்த ஐரோப்பிய நகரங்களில் கால் வளைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருந்த காலத்தில், 1919-இல் பெர்லின் மருத்துவர் உல்ட்சின்சுகி, புற ஊதா விளக்கொளியைக் காட்டியே அவர்தம் எலும்பை நேராக்கிக் காட்டினார். அதற்கும் முன்னரே, எலும்புருக்கி நுண்ணுயிரி முகத்தை அரிக்கும் கொடுநோயைச் செறிவூட்டிய ஒளியால் ஆற்றியமைக்காக தென்மார்க்கு நாட்டின் பின்சன் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். எனவே இக் கதிர் முற்றும் தீயதன்று. வெயில் குறைந்த வடக்கில் கிடைத்த சிறு கதிரையும் உள்ளே விடும் வெளிர்தோல் அங்கு வாழ்வுக்கு உதவிற்று. வெயில் மிகுந்த நடுக்கோட்டுப் பகுதியில் அடர்தோல் உதவிற்று. குருதியில் உள்ள போலேட்டு என்னும் சத்து, கருவில் வளரும் குழவிக்கு இன்றியமையாதது, கடும் ஒளியில் சிதையாமல் காக்கப்பட்டமை அதற்கு ஒரு கரணியம் என்பது 2000-ஆம் ஆண்டில் யப்லோன்சுகி, சாப்ளின் என்னும் இருவர் விரித்துரைத்த கருத்து. ஆக, தோல்நிறம் என்பது ஓர் இனம் எந்நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்தது என்பதற்குக் கதிரவன் எழுதிய குறிப்பு. அதில் உயர்வேது, தாழ்வேது? வெளுப்பு உயர்வு என்பான் எவ்வளவு மடையனோ, கறுப்பே உயர்வு என்று மார்தட்டுவானும் அவ்வளவே மடையன். நம்மவர்க்கும் சேர்த்தே சொல்கின்றேன்.

நிலம் மாறினால் என்னாகும் என்பதற்கு ஆத்திரேலியாவே சான்று. அக் கண்டத்தின் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அவ் வெயிலில் கருந்தோலோடு வாழ்ந்து வருபவர். 1788 முதல் அங்கே குடியேறிய வெள்ளையரோ, முகில் மூடிய பிரித்தானியத் தீவுகளுக்கு ஏற்ற தோலோடு வந்திறங்கினர். இன்று அந் நாட்டில் மூவருள் இருவர் 70 அகவைக்குள் ஏதேனும் ஒருவகைத் தோற்புற்றுக்கு ஆளாகின்றனர் என்பது அவர்கள் கணக்கு. 1981-இல் அவர்கள் பரப்புரை தொடங்கினர்: சட்டை அணி, களிம்பு பூசு, தொப்பி வை. தொப்பி இல்லாத குழந்தைக்குப் பள்ளியில் விளையாட்டு இல்லை என்றனர். இன்னொரு பித்தும் அவர்களிடை இருந்தது. வெள்ளைத் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளப் புற ஊதா விளக்குப் படுக்கையில் காசு கொடுத்துப் படுத்துக்கிடப்பர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் அவ் விளக்குகளைப் புற்று விளைப்பனவற்றின் முதல் வரிசையில் வைத்தது. 2016-க்குள் ஆத்திரேலிய மாநிலங்கள் அவ் வாணிகத்தை ஒழித்துக் கட்டின.

பாருங்கள் கூத்தை! வெள்ளையன் கறுக்கக் காசு கொடுத்தான். நாம் வெளுக்கக் காசு கொடுக்கின்றோம். இருவரிடமும் வாங்கிப் பையை நிரப்பியவன் வணிகன். ஆனால், அவன் நாட்டில் அரசு விழித்துக்கொண்டது.

இங்கே 1975-இல் சந்தைக்கு வந்த புகழ்பெற்ற களிம்பு ஒன்று, 45 ஆண்டுகள் கழித்து, 2020-இல், தன் பெயரில் வெண்மையைக் குறித்த சொல்லை நீக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் அச் சொல்லுக்கு வெண்மை, அழகு, நேர்மை மூன்றும் பொருள். கறுத்தவனுக்கு அம் மொழியில் அழகும் இல்லை, நேர்மையும் இல்லை போலும்! பெயர் மாறிற்று, மருந்துக் கடையின் கண்ணாடிப் பேழைக்குப் பின்னால் அடுக்கி வைத்த பெயரறியாக் குழாய்கள் மாறவில்லை. அவற்றுள் சிலவற்றில் இதள் என்னும் பாதரசம் கலந்துள்ளது. கருநிறமியை உண்டாக்கும் நொதியை அது முடக்கிவிடும்; குடை செய்யும் பட்டறையே மூடப்படும். முகம் வெளுப்பது உண்மை. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. குருதி வழியே சிறுநீரகத்தை அடைகின்றது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அரிதான ஒரு வகை காணப்பட்டது; அப் பதினைவருள் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள்! பத்து நூறாயிரம் பங்கில் ஒரு பங்குக்கு மேல் இதள் கலந்த வெளுப்புக் களிம்புகள் 2020-க்குள் ஒழியவேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கை வரையறுத்திருந்தது. ஏட்டில் ஒழிந்தது.

மற்றொரு வகை, இசுடீராய்டு கலந்தவை. படை, சொறி முதலியவற்றுக்கு மருத்துவர் சில நாள் மட்டும் பூசத் தரும் மருந்தை, ஆண்டுக்கணக்கில் முகத்தில் தேய்க்கின்றனர். தோல் மெலிந்து, குருதி நாளம் வெளித்தெரிந்து, வெயிலில் தலைகாட்டினால் எரிந்து சிவக்கும் நிலை வருகின்றது. நிறுத்தினாலோ முன்னினும் எரிச்சல். அதனால் மீண்டும் பூசுகின்றனர். 2018-இல் நடுவணரசு 14 வகை இசுடீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என ஆணையிட்டது. கடைக்காரர் யாரும் சீட்டுக் கேட்டதை நான் கண்டதில்லை.

என் உறவில் ஒரு பெண், அகவை பதினேழு. தோழி சொன்னாள் என்று ஒரு குழாய் வாங்கி ஓராண்டு பூசியிருக்கின்றாள். முதல் மூன்று திங்களில் வீட்டார்க்கெல்லாம் மகிழ்ச்சி. "இப்பொழுதுதான் பெண் தெளிந்திருக்கிறாள்" என்று பாராட்டியவர்களுள், வெட்கத்தோடு சொல்கின்றேன், நானும் ஒருவன். அடுத்த கோடையில் அவளால் பேருந்து நிறுத்தத்தில் நிற்க முடியவில்லை. கன்னம் இரண்டும் நெருப்புப் பட்டதுபோல் எரிந்து தோல் உரிந்தது. மருத்துவர் அக் குழாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் அதனைக் குப்பையில் எறிந்தார். பிறவியில் பெற்ற குடையை நாங்களே கைதட்டிக் கிழித்திருந்தோம்.

இதுவரை சொன்னது நம் அன்பர்களுக்கு இனிப்பாய் இருந்திருக்கும். இனிச் சொல்வது கசக்கும். கருந்தோல் நம் காப்பு என்று அறிந்தவுடன், வெயில் நம்மை ஒன்றும் செய்யாது என்று முழங்கப் புறப்படுவோம். அது பொய். குடை சிறியது, மழையோ பெரிது. ஞாயிறு ஆண்டுக்கு இருமுறை நம் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும் நாடு தமிழ்நாடு. புற ஊதாக் குறியெண் 11-ஐ எட்டினால் மிகக் கொடியது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோல். நம் கோடை நண்பகலில் அவ்வெண்ணைக் கடப்பது புதுமையன்று. கருநிறமி வெப்பத்தைத் தணிப்பதில்லை. கண்ணுக்கு அது காவலும் இல்லை. கண்புரை வருவதற்கும், வெண்விழிமேல் சதை வளர்வதற்கும் புற ஊதா துணைபோகின்றது.

திருமறைக்காட்டிலும் தூத்துக்குடியிலும் உப்பளப் பாத்திகளில் நிற்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். மேலிருந்து ஒரு ஞாயிறு. கீழே வெண்ணிறப் பரப்பு திருப்பியெறியும் கதிரால் இன்னொரு ஞாயிறு. தொப்பியின் விளிம்பு தடுப்பது மேலுள்ளதை மட்டுமே. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி எத்தனை பேருக்கு உண்டு? ஒதுங்கக் கூரை எத்தனை அளத்தில் உண்டு? சாலையில் கீல் ஊற்றுவோர், செங்கல் அறுப்போர், நாற்று நடுவோர், கட்டுமரத்தில் போவோர், அனைவர்க்கும் இக் கேள்வி பொருந்தும். 2019-இல் உலகில் 160 கோடிப் பேர் வேலையின்போது புற ஊதாவுக்கு ஆட்பட்டனர் என்றும், வெயிலில் உழைத்ததால் வந்த தோற்புற்றால் அவ்வாண்டில் ஏறத்தாழ 19,000 பேர் இறந்தனர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023-இல் அறிவித்தன. கேரள அரசு ஆண்டுதோறும் கோடையில் நண்பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்குதலைத் தடுக்கின்றது. வெப்பத்தாக்கைக் கருதிச் செய்தது அது. ஆயினும் கதிர் உச்சத்தில் இருக்கும் பொழுதும் அதுவே. கறுப்பு நம் பெருமை என்று மேடையில் முழங்கும் நாம், அக் கறுப்பர் தலைக்குமேல் ஒரு கீற்றுக் கொட்டகை வேண்டும் என்று எத்தனை தீர்மானம் போட்டோம்?

இன்னும் இரண்டு செய்தி. கறுப்பர்க்குத் தோற்புற்று வரவே வராது என்று இருத்தல் ஆகாது. வெயிலோடு தொடர்பில்லாமல் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றும் கரும்புற்று நம்மவர்க்கும் வரும். யமைக்காப் பாடகர் பாப் மார்லி 1981-இல் 36-ஆம் அகவையில் இறந்தது, கால் பெருவிரல் நகத்தடியில் தோன்றிய அவ்வகைப் புற்றினால்தான். காலில் ஆறாத கரும்புள்ளி வளர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றொன்று, நகரத்து அறைக்குள் அடைந்து கிடப்போர்க்கு: கண்ணாடிச் சாளரத்தின் வழியே வரும் வெயிலில் உயிர்ச்சத்து டி உண்டாகாது, கண்ணாடி பி-வகையைத் தடுத்துவிடும். விடியற்காலை இளவெயிலிலும் அவ்வகை மிகக் குறைவு. நிழல் நம் உயரத்தினும் குறுகும் பொழுதில்தான் அது மிகுதி. ஆகவே அப்பொழுதில் சில மணித்துளி போதும், பின்னர் நிழலுக்கு வந்துவிட வேண்டும். அடர்ந்த தோலுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

அப் பெண்ணுக்கு இப்பொழுது எரிச்சல் அடங்கியிருக்கின்றது. கன்னத்தில் பழைய நிறம் திட்டுத் திட்டாகத் திரும்பி வருகின்றது. மருத்துவர் சொற்படி எங்குச் சென்றாலும் குடையோடு செல்கின்றாள். சென்ற கிழமை தெருமுனையில் எங்களைக் கண்ட அண்டை வீட்டு அம்மையார், குடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவள் தாயிடம் மெல்லக் கேட்டார்: "ஏன்டி, குடை பிடித்தால் நிறம் கூடுமா?"